குதிகால் முள்: எக்ஸ்ரேயில் தெரிவதுதான் வலிக்கிறதா?

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 66, சர்க்கரை உண்டு. சில மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது வலது குதிகால் சுரீரென்று குத்துகிறது. பத்து அடி நடந்தால் கொஞ்சம் விடுகிறது. மத்தியானம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் மறுபடியும் அதே கதை. இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். குதிகால் எலும்பின் அடியில் கூராக ஒரு நீட்சி, முன்பக்கம் பார்த்து வளர்ந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு நிம்மதியே போய்விட்டது. நடக்கும்போது அது சதைக்குள் குத்திக்கொண்டே இருக்கிறது என்று நினைக்கிறார்.

இதற்கிடையில் கீழ்வீட்டு ஆன்ட்டி, “கால்சியம் மாத்திரை தின்றுதான் எலும்பு வளர்ந்துபோச்சு, நிறுத்திடுங்க” என்று சொல்லிவிட்டார். அம்மாவும் நிறுத்திவிட்டார். அது எலும்புப்புரைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை. தம்பி என்னவென்றால், “மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு இருக்குல்ல, ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்” என்கிறான்.

எனக்கு மூன்று கேள்வி. இது ஏன் வளர்கிறது? கரைக்க மருந்து இருக்கிறதா? வெட்டி எடுத்தால் வலி போகுமா?

தேக்கா ஆச்சி:
தம்பி, எங்கள் ஊரில் இதைக் குதிவாதம் என்பார்கள். செங்கல்லை அடுப்பில் நன்றாகச் சூடாக்கி, மேலே எருக்கு இலை நாலைந்தைப் பரப்பி, குதிகாலை வைத்து வைத்து எடுக்க வேண்டும். இலை வதங்கி ஆவி வரும், அந்தச் சூடு உள்ளே இறங்கும். என் மாமியாருக்கு அதில்தான் சரியானது. இங்கே எருக்கு கிடைக்காது என்று நினைக்காதே, தேடினால் கிடைக்கும். பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

கெண்டைக்கால்:
ஆச்சி, மன்னிக்கணும், ஈசூன்வாசியின் அம்மாவுக்கு மட்டும் இந்த வைத்தியம் வேண்டவே வேண்டாம். பல வருடம் சர்க்கரை இருந்தவர்களுக்குப் பாத நரம்பு மரத்துப்போயிருக்கலாம். செங்கல் எவ்வளவு சுடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறுவதும் சிரமம். பாதம் நல்ல உணர்வோடு இருப்பவர்களுக்குச் சூடு இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் முள் அதனால் கரையாது.

நான் இயன்முறை சிகிச்சையில் பல வருடமாக இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தம்பி, முதல் வேலையாகக் கால்சியம் பற்றி டாக்டரிடம் இன்றைக்கே பேசுங்கள். எலும்புப்புரைக்கான மாத்திரையைப் பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டு நிறுத்துவது குதிகால் வலியைவிடப் பெரிய ஆபத்து. இந்த வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். சாப்பிடும் கால்சியம் ரத்தத்தில் போய் குதிகாலில் படிந்து முள்ளாவதில்லை. அந்த இடத்தில் எலும்பு வளரச் சொல்லி உடம்பே உத்தரவு போடுகிறது. உத்தரவு வந்தால், கால்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவருக்கும் வளரும்.

ஏன் உத்தரவு போடுகிறது? இரண்டு வகை உண்டு. ஒன்று மூட்டின் ஓரத்தில் வருவது: முழங்கால், விரல் மூட்டு, கழுத்து, இடுப்பு முதுகு. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேயும்போது மூட்டு லேசாக ஆட்டம் காண்கிறது. அப்போது ஓரத்தில் உள்ள எலும்பு உறையின் செல்கள் வளர்ச்சிக் காரணிகளால் தூண்டப்பட்டு முதலில் குருத்தெலும்பாகப் பெருகி, அப்புறம் கெட்டி எலும்பாக மாறுகின்றன. கோப்பிக்கடையில் ஆடும் மேசையின் காலுக்கடியில் அட்டையை மடித்து வைக்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். தாங்கும் பரப்பை அகலப்படுத்தி ஆட்டத்தைக் குறைக்கப் பார்க்கிறது. அதனால்தான் முழங்காலில் ஓரத்து முள்ளை மட்டும் சுரண்டி எடுத்தால் மூட்டு இன்னும் தளர்ந்துபோக வாய்ப்புண்டு.

இரண்டாவது வகை, தசைநாரோ தசையோ எலும்போடு ஒட்டும் இடத்தில் வருவது. உங்கள் அம்மாவுக்கு இருப்பது இது. குதிகாலிலிருந்து விரல் வரை பாதத்தின் அடியில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. அதன் வேர்ப்பகுதியில் இழுவையும் அழுத்தமும் வருடக்கணக்கில் சேரும்போது எலும்பு அங்கே கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. வயது, உடல் எடை, நாள் முழுக்க நிற்கும் வேலை, இறுகிப்போன கெண்டைக்கால் தசை என்று எல்லாம் சேர்ந்துதான் காரணம். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு: காலையிலிருந்து இரவு வரை டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பது.

சந்தேகசாமி:
கொஞ்சம் இருங்கள் அக்கா. எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது, வலியும் அதே இடத்தில். அப்புறமும் முள்தான் வலிக்கிறது என்று சொல்லக்கூடாதா? எனக்கும் இதே படம் இருக்கிறது. சிறப்பு மருத்துவர் ஒருவர் படத்தைக் காட்டி, “இதோ பாருங்கள், இதுதான் காரணம்” என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அவர் படித்ததெல்லாம் வீணா?

கெண்டைக்கால்:
நியாயமான கேள்வி. அவர் படித்தது வீணில்லை, இரண்டு நிமிடம்தான் போதவில்லை.

குதிகாலில் வலியே இல்லாத ஆட்களைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தாலும் கணிசமான பேருக்கு முள் இருக்கும், வயது கூடக் கூட இன்னும் அதிகம். மறுபக்கம், துடித்துப்போகிற வலியோடு வருகிற பலருக்குப் படத்தில் ஒன்றுமே இருக்காது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வலி முழுசாகப் போன ஒருவருக்குத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தால் முள் இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே இருக்கும். அது குத்தியதால் வலித்தது என்றால் இப்போது ஏன் வலிக்கவில்லை?

உள்ளே அறுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இன்னும் சுவாரசியம். பெரும்பாலும் முள் அந்தப் பட்டைக்குள்ளேயே இருப்பதில்லை. பட்டைக்கு மேலே, விரல்களை மடக்கும் சிறு தசை ஒட்டும் அடுக்கில் இருக்கிறது. தரையைப் பார்த்துக் குத்திக்கொண்டும் இல்லை, விரல் பக்கம் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. வலி வருவது பட்டையின் வேர்ப்பகுதி நைந்து தடித்துப்போவதால். முள்ளும் வலியும் ஒரே சுமையில் பிறந்த அண்ணன் தம்பிகள், அவ்வளவுதான்.

நான் செய்யும் சோதனை எளிது. குதிகாலின் அடியில், உள்பக்கமாகக் கொஞ்சம் முன்னால் கட்டைவிரலை அழுத்துவேன். ஆள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் பட்டையின் வேர். பிறகு குதிகாலை இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளங்கையால் நெருக்குவேன். அதில் அலறினால் எலும்பில் விரிசல் இருக்கலாம், அது வேறு வழக்கு. தேக்கோங்கில் ராணுவ அடிப்படைப் பயிற்சியில் இருக்கும் பையன்கள் யாருக்காவது திடீரென்று குதிகால் வலி வந்தால் முள் என்று வீட்டில் முடிவுகட்டாமல் முகாம் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.

இளைஞர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. இரண்டு குதிகாலும் வலித்து, கூடவே காலையில் அரைமணிக்கு மேல் இடுப்பு முதுகு இறுக்கமாக இருந்து, நடமாடினால் தளர்ந்தால், அது முதுகெலும்பைப் பிடிக்கும் அழற்சி வாதமாக இருக்கலாம். வாத நோய் நிபுணரிடம் காட்ட வேண்டும்.

துவாஸ்காரன்:
நான் துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை. பாதுகாப்புக் காலணி, இரும்புத் தளம், நாள் முழுக்க நிற்பது. இந்த வலி எனக்கும் வந்தது. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் ஓவர்டைம் போகும், அதனால் வலிமாத்திரை போட்டுக்கொண்டே ஓட்டினேன். தொழிலாளர் விடுதியில் என்கூட இருக்கும் பாதிப் பேருக்கு இது உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை.

எனக்குக் கேட்டது படிக்கட்டுப் பயிற்சிதான். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். துண்டைச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, அதன்மேல் கால்விரல்கள் மேல்நோக்கி வளையும்படி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், குதிகால் வெளியே தொங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று வினாடியில் எக்க வேண்டும், இரண்டு வினாடி நிற்க வேண்டும், மூன்று வினாடியில் இறங்க வேண்டும். பன்னிரண்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் மட்டும். பழகப் பழக முதுகுப்பையில் தண்ணீர் பாட்டில் போட்டுச் சுமையைக் கூட்டலாம். முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது, கடுப்பாக இருக்கும். அப்புறம் ஒரு காலையில் எழுந்து கழிவறை வரை நடந்த பிறகுதான் வலிக்கவில்லையே என்று உறைத்தது.

காலணிக்குள் வைக்கும் குதிகால் மெத்தையும் முஸ்தபா கடையில் வாங்கிப் போட்டேன். அதோடு காலணியும் ஓர் அளவு பெரிதாக வேண்டியிருந்தது. மெத்தை வைத்தால் முன்பக்கம் விரல் இடிக்கும், அதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கெண்டைக்கால்:
துவாஸ்காரன் தம்பி சொன்ன பயிற்சி டென்மார்க் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தது. வெறும் நீட்சிப் பயிற்சி செய்தவர்களைவிட மூன்று மாதத்தில் இதைச் செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள். ஓராண்டில் இரு சாராரும் ஏறக்குறைய சமம். அதாவது பயிற்சி விரைவாகக் கைகொடுக்கிறது, காலமும் தன் வேலையைச் செய்கிறது.

ஆனால் 66 வயது அம்மாவை ஒற்றைக்காலில் படியில் நிறுத்தாதீர்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் எக்கி இறங்கினால் போதும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன் உட்கார்ந்தபடி காலைத் தூக்கி மற்ற தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து வினாடி பிடிக்கட்டும். பாதத்தின் அடியில் பட்டை விறைப்பது விரலுக்குத் தட்டுப்படும். பத்து முறை செய்துவிட்டுத்தான் முதல் அடி. வீட்டுக்குள் கெட்டியான அடி உள்ள செருப்பு, மெல்லிய ரப்பர் செருப்பு வேண்டாம். அடுக்குமாடி பிளாக்குக்குக் கீழே கூழாங்கல் பதித்த நடைபாதை இருக்குமே, வலி இருக்கும்போது அதில் நடந்தால் நல்லது என்று யாராவது கூப்பிட்டால் போகவேண்டாம். சர்க்கரைக்காரர்களுக்கு எப்போதுமே அது வேண்டாம்.

ஸ்டியரிங்:
பஸ் ஓட்டுகிறேன். எனக்குக் கழுத்தில் முள் என்கிறார்கள். வலது கை சுண்டுவிரல் பக்கம் மரமரவென்று இருக்கிறது. குதிகால் கதையைப் படித்தபிறகு இதையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

கெண்டைக்கால்:
அண்ணே, விடாதீர்கள். குதிகாலுக்குச் சொன்னதைக் கழுத்துக்கு அப்படியே போடக்கூடாது. கழுத்தில் வளரும் முள் நரம்பு வெளியே வரும் துவாரத்தைக் குறுக்கலாம், தண்டுவடத்தையே நெருக்கலாம். இங்கே முள் இருக்கும் இடம் உண்மையிலேயே முக்கியம். அதே சமயம் 60 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் கழுத்துப் படத்தில் ஏதோ ஒரு முள் இருக்கத்தான் செய்யும், ஒரு தொந்தரவும் இருக்காது. அதனால் படத்தை வைத்து அல்ல, கையை வைத்து முடிவெடுப்போம். உங்களுக்கு மரத்துப்போகிறதே, அது பார்க்க வேண்டிய விஷயம். கழுத்திலிருந்தும் வரலாம், முழங்கையில் நரம்பு நசுங்கினாலும் இதே விரல்தான் மரக்கும். சோதித்தால்தான் தெரியும்.

அவசரம் எது என்றால்: சட்டைப் பொத்தான் போட, சில்லறை எண்ண விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. இதில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒன்றும் இல்லாமல் மரமரப்பு மட்டும் என்றால் கழுத்துப் பயிற்சி, இருக்கையின் உயரம், கண்ணாடி வைத்திருக்கும் கோணம் எல்லாம் திருத்தினாலே பலருக்குக் குறையும்.

சர்க்கரைக்காரர்களுக்கு முதுகெலும்பில் இன்னொரு வகையும் வரும். முன்பக்கத்துத் தசைநார் முழுக்க எலும்பாகி, மெழுகு வழிந்ததைப் போல் முதுகெலும்புகளை ஒட்டிவிடும். பிரெஞ்சு மருத்துவர் ஃபாரெஸ்டியர் 1950-ல் விவரித்தார், அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் பழைய மடங்களில் புதைந்த துறவிகளின் எலும்புகளில் இது நிறையக் கிடைத்திருக்கிறது, சாப்பாடு நன்றாக இருந்திருக்கும்போல. பெரும்பாலோருக்கு இதனால் இறுக்கம் மட்டும்தான். கழுத்தில் பெரிதாக வளர்ந்தால் விழுங்கச் சிரமம் வரும். இவர்கள் லேசாக விழுந்தாலும் இறுகிய முதுகெலும்பு முறியக்கூடும், அதனால் விழுந்த பிறகு புதிதாக முதுகுவலி வந்தால் படம் எடுத்தே ஆக வேண்டும்.

காவடிப்பித்தன்:
எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். எனக்கு வருகிற தைப்பூசத்துக்குக் காவடி. சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில், தார்ச் சாலையில். குதிகால் இப்போதே வலிக்கிறது. வேண்டுதல், விடமுடியாது. என்ன செய்ய?

கெண்டைக்கால்:
விடச் சொல்ல நான் யார். ஆனால் விரதத்தோடு சேர்த்துக் காலையும் தயார்ப்படுத்துங்கள். துவாஸ்காரன் சொன்ன பயிற்சியை இப்போதே ஆரம்பியுங்கள். வெறுங்கால் நடையைக் கடைசி வாரத்தில் தொடங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், காவடியின் எடையையும் அப்படியே. வலி ஊசி போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு அந்தப் பட்டை அறுந்துபோகும் அபாயம் உண்டு, ஊசி போட்ட கையோடு மூன்று கிலோமீட்டருக்கு மேல் சுமையோடு நடப்பது அதை வலிய அழைப்பது. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் முதலில் பாதச் சோதனை, பிறகு வேண்டுதல் பற்றிப் பேசுவோம்.

தேக்கா ஆச்சி:
சரிம்மா, செங்கல் வேண்டாம். என் கைவிரலைப் பார்த்துச் சொல். நுனி மூட்டுகளில் கெட்டியாக முண்டு முண்டாக வந்திருக்கிறது. ஆப்பிள் வினிகர் குடித்தால் கரையும் என்று பேத்தி போனில் காட்டினாள். வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

கெண்டைக்கால்:
குடிக்காதீர்கள் ஆச்சி. வயிற்றுக்குள் போன காடி விரல் எலும்புவரை அமிலமாகப் போய்ச் சேராது, ரத்தம் தன் அமிலத்தன்மையை அப்படி மாறவிடாது. விரலில் இருப்பதும் எலும்பு முள்தான். நுனி மூட்டில் வருவதை ஹெபர்டன் முண்டு என்பார்கள், 18-ஆம் நூற்றாண்டு லண்டன் மருத்துவர் ஒருவரின் பெயர். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், பெண்களுக்கு அதிகம் வரும். வரும்போது சில மாதம் சிவந்து வலிக்கும், அப்புறம் முண்டு நிற்கும், வலி அடங்கிவிடும். வெந்நீரில் கையை வைத்திருப்பது, மேலே பூசும் வலிக்களிம்பு, சீசா மூடியைத் திறக்க ரப்பர் பிடி. இவை போதும்.

சந்தேகசாமி:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டி எடுத்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இன்னும் போகவில்லை.

கெண்டைக்கால்:
தோள்பட்டையில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். தோள் எலும்பின் அடியில் இருக்கும் முள்ளைச் செதுக்குவது பல வருடம் வழக்கமான அறுவை. பிரிட்டனில் 2018-ல் வெளியான ஆய்வில் ஒரு குழுவுக்கு உண்மையாகவே செதுக்கினார்கள், இன்னொரு குழுவுக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் தையல் போட்டார்கள். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு தேறியது. தேய்ந்த முழங்காலைத் துளையிட்டுச் சுத்தம் செய்வதிலும் 2002-லேயே அமெரிக்காவில் இதே முடிவு வந்தது.

அறுவையே கூடாது என்று சொல்லவில்லை. நரம்பை நெருக்கும் கழுத்து முள், கணுக்கால் மூட்டின் முன்னால் வளர்ந்து மடக்க முடியாமல் தடுக்கும் முள், முழுதும் தேய்ந்த முழங்கால் என்று தேவைப்படும் இடங்கள் உண்டு. குதிகாலில் தேவைப்படுவது மிகச் சிலருக்கு. ஓராண்டு ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அடங்காதபோது யோசிப்பது. அப்போதும் முக்கியமாகச் செய்வது பட்டையைத் தளர்த்துவதுதான்.

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாத்திரையை மறுபடி போடத் தொடங்கிவிட்டார், டாக்டரிடமும் பேசினோம். இன்னும் சில சந்தேகம். ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அதிர்வலை சிகிச்சை என்று ஒன்றும் சொன்னார்கள். வலிமாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள்.

கெண்டைக்கால்:
ஊசி சில வாரம் நல்ல நிவாரணம் தரும், அதன்பின் பெரிய வித்தியாசம் இருக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை அளவு எகிறும், அதனால் போடுவதானால் வீட்டில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். குதிகாலின் கொழுப்புத் திண்டு மெலிந்துபோவதும் நடக்கிறது. நானாக இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுவேன். அதிர்வலை சில மாதமாகியும் விடாத வலிக்கு. முள்ளை உடைக்கும் கருவி என்று விளம்பரத்தில் சொன்னால் நம்பாதீர்கள், அது பட்டையின் வேரைத் தூண்டிவிடுகிறது, முள் அப்படியே இருக்கும்.

வலிமாத்திரை எந்த வகை என்று பாருங்கள். அழற்சி குறைக்கும் வகை என்றால் சிறுநீரகம், ரத்த அழுத்தம், வயிறு மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். அம்மாவின் சிறுநீரகச் சோதனை முடிவை டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள். பலதுறை மருந்தகத்திலேயே இயன்முறையும் பாத சிகிச்சையும் உண்டு, டாக்டரிடம் பரிந்துரைக்கச் சொல்லுங்கள். வருடாந்தரப் பாதச் சோதனை செய்து நாளாகியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அம்மாவுக்கு முழங்காலும் வலித்தால் எடையையும் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது.

துவாஸ்காரன்:
அண்ணே, செருப்பு வாங்கப் போகும்போது சாயங்காலம் போங்க. காலையில் கால் சிறியதாக இருக்கும், மாலையில் கொஞ்சம் வீங்கும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுப் பார்த்து வாங்குங்க. போனில் பார்த்து அளவு சொல்லி வாங்கினால் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியிருக்கும்.

ஈசூன்வாசி:
சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மா இப்போதே கேட்கிறார், பூஜையறைக்குள் அந்தச் செருப்போடு எப்படிப் போவதாம்?

கெண்டைக்கால்:
பூஜையறைக்குள் ஒரு தடித்த பாய் விரித்துப் போடுங்கள். அங்கே நிற்பது கொஞ்ச நேரம்தானே.